சுரங்க மெட்ரோ நிலையத்தை அவசரத்தில் காலி செய்வது: பணியிலிருப்பவர்களுக்கான வழிகாட்டி

தீ, புகை, நெரிசல் எதுவானாலும் சுரங்க நிலையத்தில் முதல் வேலை உள்ளே வருவதை நிறுத்துவது. ஆட்களை வெளியே அனுப்புவது அதற்கு அடுத்தது. இந்த வரிசை மாறினால் எத்தனை பேர் நின்று கையசைத்து வழிகாட்டினாலும் நிலையம் காலியாகாது. ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும்.

நிலைய வடிவமைப்பில் பல நாடுகள் பின்பற்றும் அமெரிக்கத் தரநிலையான என்எஃப்பிஏ 130 இரண்டு வரம்புகளை வைக்கிறது. பிளாட்ஃபார்மில் இருப்பவர்கள் 4 நிமிடத்துக்குள் அதைவிட்டு அகன்றுவிட வேண்டும். மிகத் தொலைவில் நிற்பவரும் 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு சுமார் 55 பேர் போகலாம் என்பது அதே தரநிலையின் கணக்கு.

சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி ரயில் நிரம்பி வழிந்தால் ஏறக்குறைய 1,200 பேர். பிளாட்ஃபார்மில் காத்திருப்போர் 300 என்று வையுங்கள். மொத்தம் 1,500. இரண்டு மீட்டர் அகலத்தில் இரண்டு படிக்கட்டு இருந்தால் நிமிடத்துக்கு 220 பேர் ஏறுவார்கள். ஒரு மீட்டர் அகல எஸ்கலேட்டர் நான்கில் ஒன்று எப்படியும் பழுது என்று கழித்துக்கொண்டு, மூன்றைப் படிக்கட்டாகக் கணக்கிட்டால் இன்னும் 165. ஆக நிமிடத்துக்கு 385. நான்கு நிமிடத்துக்குள் தட்டுத்தடுமாறி முடிந்துவிடும். இதற்கிடையில் இன்னொரு நிரம்பிய ரயில் வந்து கதவு திறந்தால் 2,700 பேர், ஏழு நிமிடம். புகை ஒரு படிக்கட்டை அடைத்துவிட்டால் பத்து நிமிடத்தை நெருங்கும். உங்கள் நிலையத்தின் படி அகலங்களை ஒருமுறை டேப் வைத்து அளந்து, இதே கணக்கைப் போட்டு, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

முதல் இரண்டு நிமிடம்

அலாரம் அடித்ததும் பேனலில் எந்த மண்டலம் என்று பார்த்து இருவரை அனுப்புங்கள். ஒருவரை மட்டும் அனுப்பக் கூடாது. அவர் மயங்கி விழுந்தால் தகவலும் அவரோடு விழுந்துவிடும். கையில் வாக்கி டாக்கி, டார்ச், தீயணைப்பான். லிஃப்டில் போகக் கூடாது. புகை தெரிந்தாலோ கருகல் வாடை அடித்தாலோ அந்த இடத்திலிருந்தே சொல்ல வேண்டும். கிட்டப் போய் என்ன எரிகிறது என்று கண்டுபிடித்துவிட்டுச் சொல்வோம் என்று நிற்பதில்தான் நேரம் போகிறது. இருவரிடமிருந்தும் ஒரு நிமிடம் பதில் இல்லையென்றால் அதையே உறுதியான தீ என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இயக்கக் கட்டுப்பாட்டு மையமான ஓசிசிக்குச் சொல்லும் தகவலில் ஆறு விஷயம் போதும்: எந்த நிலையம், எந்த மட்டம், எந்த முனை, கண்ணால் பார்த்தது என்ன, காயம் உண்டா, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள். இப்படி:

“ஓசிசி, (நிலையத்தின் பெயர்) ஸ்டேஷன் கன்ட்ரோலர் பேசுகிறேன். பிளாட்ஃபார்ம் மட்டம், வடக்கு முனை, எஸ்கலேட்டர் அடியில் கரும்புகை. நேரில் பார்த்து உறுதி. காயம் இல்லை. நிலையத்தை மூடிக் காலி செய்கிறேன். இரண்டு பாதையிலும் ரயிலை உள்ளே விடாதீர்கள்.”

கடைசி வாக்கியம்தான் உயிர். அதை வேண்டுகோளாக இழுக்காமல் தெளிவாகச் சொல்லுங்கள். 2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் டேகு நகரில், ஜுங்கங்னோ நிலையத்தில் நின்ற ரயிலில் ஒருவர் எரிபொருளை ஊற்றித் தீ வைத்தார். சில நிமிடங்களில் எதிர்ப் பாதையில் இன்னொரு ரயில் அதே நிலையத்துக்குள் வந்து நின்றது. மின்சாரம் போயிற்று, கதவுகள் மூடியே இருந்தன, ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இறந்த 192 பேரில் பெரும்பாலோர் தீ வைக்கப்பட்ட ரயிலில் இருந்தவர்கள் அல்ல, பின்னால் வந்த ரயிலில் இருந்தவர்கள்.

ரயிலை நிற்காமல் ஓட்டிவிடுவதா, முந்தைய நிலையத்திலேயே பிடித்து வைப்பதா? கூட்டம் மட்டும்தான் பிரச்சினை என்றால் நிற்காமல் போகட்டும். புகை என்றால் முந்தைய நிலையத்தில் நிறுத்துவதே சரி. சுரங்கத்தில் ஓடும் ரயில் தனக்கு முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டே வரும். பிளாட்ஃபார்மில் மேலே தங்கியிருந்த புகையைக் கலைத்து முகமட்டத்துக்கு இறக்கிவிடும். ஏற்கெனவே இரு நிலையங்களுக்கு நடுவே வந்துவிட்ட ரயிலை என்ன செய்வது என்பது ஓசிசியின் முடிவு. தீ ரயிலிலேயே இருந்தால் விதி வேறு: ஓடும் நிலையில் இருக்கும்வரை சுரங்கத்தில் நிற்காமல் அடுத்த நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அங்கே கதவு, வெளிச்சம், படிக்கட்டு, ஆட்கள் எல்லாம் இருக்கும்.

அதே நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் செய்ய வேண்டியவை:

டிக்கெட் கேட்டுகள் அனைத்தையும் அவசர முறையில் திறந்துவிடுங்கள். தீ அலாரத்தோடு தானாகவே திறந்துகொள்ளும்படி இணைத்திருப்பார்கள், ஆனாலும் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். கேட்டை ஒட்டிய அகலக் கதவைக் கையால் திறந்து வையுங்கள். சக்கர நாற்காலியும் பெட்டியும் அங்கேதான் சிக்கும்.

தெருவாசலில் ஒரு ஆள். ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டக் கூடாது. அதுதான் வெளியேறும் வழியும். உள்ளே வருபவர்களைத் தடுத்து வெளியே வருபவர்களுக்கு வழிவிட ஒரு பாதுகாவலரும் ஒரு கயிறும் போதும். மழை பெய்யும்போது இது கடினம். ஒதுங்க வந்தவர்கள் வாசல் கூரைக்கு அடியிலேயே நின்று அடைத்துவிடுவார்கள். அவர்களை முதலில் நகர்த்துங்கள்.

கீழே இறங்கும் எஸ்கலேட்டரை நிறுத்துங்கள். ஆட்கள் நிற்கும்போது திடீரென்று சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மொத்தமாகச் சரிந்து விழுவார்கள். “கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், எஸ்கலேட்டர் நிற்கப்போகிறது” என்று உரக்கச் சொல்லி, மேல்முனையில் புதிதாக ஏறுவதைத் தடுத்துவிட்டு நிறுத்துங்கள். நின்ற எஸ்கலேட்டரில் ஏறுவது சாதாரணப் படியில் ஏறுவது போல் இருக்காது. படி ஒவ்வொன்றும் சுமார் 20 சென்டிமீட்டர் உயரம். முதல் சில படிகளும் கடைசிச் சில படிகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தடுக்கி விழுவது அங்கேதான். ஆகவே மேல்முனையில் ஒருவர் நின்று, ஏறி வந்தவர்கள் அங்கேயே நின்று மூச்சு வாங்காமல் நகரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். புகையோ தீயோ எஸ்கலேட்டர் அடியில் என்றால் அதன் பக்கமே யாரையும் விடாதீர்கள்.

எந்தப் பக்கம் அனுப்புவது

மேலே ஏறினால் பிழைத்தோம் என்பது பூமிக்கடியில் எப்போதும் உண்மையல்ல. புகையும் மேலேதான் ஏறும். படிக்கட்டும் எஸ்கலேட்டர் குழியும் அதற்குப் புகைபோக்கி. 1987 நவம்பர் 18 மாலை லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டர் ஒன்றின் அடியில் சிறு தீ. பிளாட்ஃபார்மில் இருந்தவர்களை வேறொரு எஸ்கலேட்டர் வழியாக மேலே டிக்கெட் கூடத்துக்கு அனுப்பினார்கள். அப்போது அது நியாயமான முடிவாகவே தெரிந்திருக்கும். 7.45 மணிக்கு எஸ்கலேட்டர் சரிவு வழியாகத் தீ சீறிப் பாய்ந்தது அந்தக் கூடத்துக்குள்தான். 31 பேர் இறந்தார்கள். கீழே மிஞ்சியிருந்தவர்களை ரயிலில் ஏற்றி அனுப்பித்தான் காப்பாற்ற முடிந்தது.

தீ டிக்கெட் கேட்டுகள் உள்ள கான்கோர்ஸ் தளத்தில், பிளாட்ஃபார்மில் புகை இல்லை என்றால் காலி ரயிலைக் கேட்டு வாங்கி, இருப்பவர்களை அதில் ஏற்றி அனுப்புவதையும் ஒரு வழியாக மனதில் வையுங்கள். தீ பிளாட்ஃபார்மின் ஒரு முனையில் என்றால் மறுமுனைப் படிக்கட்டு. ரயிலின் நடுவில் என்றால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இரு முனைக்கும் அனுப்ப வேண்டும். எரியும் பெட்டியைக் கடந்து யாரும் போகக் கூடாது. ஆட்கள் பழக்கத்தில் தாங்கள் வந்த வழியே திரும்பப் போவார்கள், பக்கத்திலேயே வேறு வாசல் திறந்திருந்தாலும். அதனால் அடைக்கப்பட்ட வழியின் முன்னால் ஒரு ஆள் நிற்பது, திறந்த வழியில் இரண்டு பேர் நிற்பதைவிடப் பயனுள்ளது.

விசிறிகள் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். சுரங்கக் காற்றோட்ட விசிறிகளை எந்தத் திசையில் ஓட்டுவது என்பதை முன்பே வகுத்த திட்டப்படி ஓசிசி முடிவு செய்யும். நிலையத்திலிருந்து நீங்கள் தர வேண்டியது புகை எங்கே, எந்தப் பக்கம் நகர்கிறது, ஆட்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்ற மூன்று தகவல். கொள்கை எளிது: ஆட்கள் போகும் திசைக்கு எதிராகக் காற்று வர வேண்டும், முகத்தில் காற்று படும் திசையில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் புகை ஒதுங்கும். 1995 அக்டோபர் 28 அன்று பாகூ மெட்ரோ தீயில் 289 பேர் இறந்தார்கள். ரயில் சுரங்கத்துக்குள்ளேயே நின்றுபோனதும், பின்னர் காற்றோட்டத்தை மாற்றியதில் தப்பியோடியவர்கள் பக்கமே புகை இழுக்கப்பட்டதும் அதில் சேர்ந்துகொண்டன. வாஷிங்டனில் 2015 ஜனவரி 12 அன்று லான்ஃபான் பிளாசா அருகே புகைக்குள் நின்ற ரயில், தன் காற்றோட்ட அமைப்பு ஓடிக்கொண்டிருந்ததால் புகையை உள்ளே இழுத்தது. புகைக்குள் மாட்டிக்கொண்ட ரயிலின் ஓட்டுநர் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான்.

காற்றழுத்தம் ஏற்றிய அவசரப் படிக்கட்டின் கதவுக்குக் கட்டை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு. திறந்த கதவு ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும், புகை வராது. ஈரத்துணியை மூக்கில் கட்டுவது கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. அதைத் தேடி ஒரு நொடியும் நிற்க வேண்டாம்.

மைக்கில் என்ன சொல்வது

மணி மட்டும் அடித்தால் யாரும் நகர மாட்டார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் மானுமென்ட் சுரங்க நிலையத்தில் 1990களின் தொடக்கத்தில் நடத்திய சோதனை இதைக் காட்டியது: மணி மட்டும் ஒலித்தபோது பயணிகள் சும்மா நின்றார்கள், என்ன நடந்தது, எங்கே போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் நேரடியாகச் சொன்னபோது விரைவாகக் கிளம்பினார்கள். “பீதி கிளம்பிவிடும்” என்று தீயை மறைத்து “தொழில்நுட்பக் கோளாறு” என்று சொல்வது பழைய நோய். தொழில்நுட்பக் கோளாறு என்றால் ஆட்கள் சரியாகும்வரை காத்திருப்பார்கள்.

பதிவு செய்த குரலைவிட நேரடிக் குரல் மேல். நான்கு சிறு வாக்கியம், இருமுறை, தமிழில் முதலில், பிறகு ஆங்கிலத்தில், நேரமிருந்தால் இந்தியில்:

“பயணிகள் கவனத்துக்கு. பிளாட்ஃபார்ம் வடக்குப் பக்கம் தீப்பிடித்திருக்கிறது. எல்லோரும் தெற்குப் பக்கப் படிக்கட்டு வழியாக இப்போதே வெளியே போங்கள். லிஃப்டில் ஏறாதீர்கள், பெட்டிக்காகத் திரும்பாதீர்கள்.”

வடக்கு, தெற்கு பயணிக்குத் தெரியாது. அவர் கண்ணில் படும் அடையாளத்தைச் சேருங்கள்: டீக்கடைப் பக்கம், ஏடிஎம் பக்கம், ‘பி’ வாசல். சுரங்கக் கூடத்தில் எதிரொலி அதிகம். வேகமாகப் பேசினால் ஒரு சொல்லும் புரியாது. மின்சாரம் போகக்கூடும் என்பதால் மெகாஃபோனுக்குப் புது பேட்டரி எப்போதும் போட்டிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

தீ இல்லாத நெரிசல்

இதுதான் அடிக்கடி வருவது. சதுர மீட்டருக்கு நான்கு பேருக்குமேல் போனால் நடை தடுமாறும்; ஆறைத் தாண்டினால் மனிதர்கள் தங்கள் விருப்பப்படி அசைய முடியாது, கூட்டம் அவர்களை அசைக்கும். அந்த நிலையில் யார் கத்தியும் பயனில்லை. தரையில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சதுரம் ஒன்றைக் கேமரா பார்வையில் குறித்து வையுங்கள். அதற்குள் 16 தலை தெரிந்தால் தெருவாசலை உடனே நிறுத்த வேண்டும். 24 வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானக் கண்காட்சி முடிந்ததும் பக்கத்து ரயில் நிலையங்களில் கூட்டம் முட்டி மோதியது. அரசினர் தோட்டம் மெட்ரோ சுரங்க நிலையமும் அதில் ஒன்று. இத்தகைய நாளில் வரிசை நிற்க வேண்டிய இடம் சாலைதான், படிக்கட்டு அல்ல. தடுப்புகளை வளைத்து வளைத்து அமைத்து, 200 பேரைத் தொகுப்பாக இறக்கி, பிளாட்ஃபார்ம் காலியானதும் அடுத்த தொகுப்பை விடுங்கள். தொகுப்பின் அளவை ரயிலில் வெறும் இடம் எவ்வளவு வருகிறது என்பதை வைத்து மாற்றுங்கள்.

படிக்கட்டில் ஒருவர் விழுந்தால் போதும். 1943 மார்ச் 3 இரவு லண்டன் பெத்னல் கிரீன் நிலையத்தின் வெளிச்சமில்லாத, நடுவில் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் ஒரு பெண் தடுமாறி விழ, பின்னால் வந்தவர்கள் மேலே மேலே விழுந்து 173 பேர் இறந்தார்கள். 1999 மே 30 அன்று பெலாரூஸின் மின்ஸ்க் நகரில், நெமிகா நிலைய வாசலில் திடீர் மழைக்கு ஒதுங்க ஓடிவந்த கூட்டத்தில் 53 பேர். இரண்டிலும் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை. ஆகவே நெரிசல் படிக்கட்டில் விழுந்தவரைத் தூக்க ஓடும் முன், படியின் மேல்முனையில் வரவைத் தடுக்க இன்னொருவரை அனுப்புங்கள். கூட்டத்தைத் தளர்த்துவது எப்போதும் கடைசி வரிசையிலிருந்து.

பிளாட்ஃபார்ம் நிரம்பி, எஸ்கலேட்டர் இன்னும் ஆட்களை இறக்கிக்கொண்டே இருப்பது இன்னோர் ஆபத்து. அடியில் இடமில்லாவிட்டாலும் அது கொட்டிக்கொண்டே இருக்கும். நெரிசல் நாளில் கீழிறங்கும் எஸ்கலேட்டரின் பொத்தான் பக்கத்தில் ஒரு ஆள் நின்றே ஆக வேண்டும். வேறு வேலைக்கு அவரை இழுக்காதீர்கள்.

சுரங்கத்துக்குள் ரயில் நின்றால்

இறக்குவது கடைசி வழி. பின்னால் இன்னொரு ரயிலைக் கொண்டுவந்து தள்ளியோ இழுத்தோ நிலையம் சேர்ப்பதே நல்லது. ஆனால் பயணிகள் பொறுமை இழந்து தாங்களாகவே கதவை நெம்பி இறங்கிவிட்டால் உங்கள் திட்டம் எதுவும் நிற்காது. அதனால் ஓட்டுநர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டும், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.

இறக்கத்தான் வேண்டுமென்றால் மூன்று உறுதி வந்த பிறகே. மேலே ஓடும் 25,000 வோல்ட் மின்சாரம் நிறுத்தப்பட்டு எர்த் செய்யப்பட்டது என்று ஓசிசி சொல்ல வேண்டும். பக்கத்துப் பாதையிலும் ரயில் நின்றிருக்க வேண்டும். சுரங்க விளக்குகள் எரிய வேண்டும். சுவரோரம் நடைபாதை உள்ள சுரங்கத்தில் பக்கக் கதவு வழியாகவும், இல்லாத இடத்தில் ரயிலின் முன்முனைக் கதவு வழியாகவும் ஒற்றை வரிசையில் இறக்குங்கள். முன்னால் ஒரு பணியாளர், கடைசியில் ஒருவர், குறுக்குப் பாதைக் கதவில் ஒருவர். இரட்டைச் சுரங்கங்களை இணைக்கும் அந்தக் குறுக்குப் பாதைகளுக்கு இடையே 244 மீட்டருக்குமேல் இருக்கக் கூடாது என்பது என்எஃப்பிஏ 130 தரநிலை. ஒவ்வொன்றின் எண்ணும் உங்கள் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

தண்ணீரும் சந்தேகப் பொருளும்

மழைநீர் தெருவாசல் படி விளிம்பைத் தொடும்முன் தடுப்புப் பலகைகளைச் செருகுங்கள். தொட்ட பிறகு பலகை உட்காராது. கட்டுமானம் முடியாத வாசல்தான் பலவீனமான இடம்: 2025 மே 26 அன்று மும்பையில், திறந்து சில வாரமே ஆன ஆச்சார்ய அத்ரே சௌக் சுரங்க நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது அத்தகைய வாசல் வழியாகத்தான். லிஃப்டுகளை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். குழியில் தண்ணீர் முதலில் சேரும். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் மெதுவாக ஓட்டிப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. 2021 ஜூலை 20 அன்று சீனாவின் செங்சோவில் 5ஆம் வழித்தட ரயில் சுரங்க வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு 14 பேர் இறந்தார்கள்.

சந்தேகப் பொருளைத் தொடாதீர்கள், அருகே நின்று வாக்கி டாக்கியில் பேசாதீர்கள். சிந்திக் கிடக்கும் திரவத்தோடு கண் எரிச்சல், இருமல், பலர் ஒரே நேரத்தில் சரிவது என்று கண்டால் மாப் போட்டுத் துடைக்க யாரையும் அனுப்பாதீர்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் என்ற நச்சைப் பரப்பிய தாக்குதலில், கசுமிகசெகி நிலையத்தில் அந்த நச்சுப் பொட்டலத்தை அப்புறப்படுத்திய பணியாளர்கள் இருவர் இறந்தார்கள். இங்கே விசிறி நச்சைப் பரப்பவும் கூடும் என்பதால் ஓசிசி சொல்லும்வரை எதையும் இயக்காதீர்கள்.

ஏற முடியாதவர்கள், கடைசித் தேடல்

சக்கர நாற்காலியில் உள்ளவர், முதியவர், கர்ப்பிணி ஆகியோரைப் பிரதான ஓட்டத்துக்குள் தள்ளாதீர்கள். காற்றழுத்தப் படிக்கட்டின் முகப்பில் இடம் இருக்கும்; அங்கே ஒரு பணியாளரோடு நிறுத்தி, எத்தனை பேர் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டுக் கூட்டம் குறைந்ததும் தூக்கிச் செல்லும் நாற்காலியில் ஏற்றுங்கள். பார்வையற்றவரை இழுத்துப் போகாமல் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காலியாகிவிட்டது என்று அறிவிக்கும் முன் கழிவறை, லிஃப்ட், கடைகளின் பின்னறை, ஊழியர் ஓய்வறை நான்கையும் கதவு தட்டிப் பார்க்க வேண்டும். தேடிய அறைக் கதவில் சாக்குக்கட்டியால் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தால் இரண்டு பேர் ஒரே அறையைத் தேடும் வீண் வேலை இருக்காது. புகை இறங்கிவிட்டால் தேடலை நிறுத்தி, எந்த அறை மிச்சம் என்ற பட்டியலைத் தீயணைப்புப் படையிடம் கொடுங்கள். அவர்களுக்காக வாசலில் ஒருவர் வரைபடம், சாவிக்கொத்து, வாக்கி டாக்கியோடு காத்திருக்க வேண்டும். எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று 112இல் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்; ஒரே நிலையத்துக்கு நாலைந்து வாசல் சாலையின் இருபக்கமும் இருப்பதால் வண்டி தவறான பக்கம் வந்து நின்றால் யூ-டர்ன் போடவே சில நிமிடம் போய்விடும்.

வெளியேறியவர்கள் வாசலிலேயே நின்று போனை நீட்டிப் படமெடுப்பார்கள். குறைந்தது 50 மீட்டர் தள்ளி ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சரும் குழாயும் போக வழி இருக்காது.

மறுபடி திறக்கும்போது முதலில் ஒரு காலி ரயில் போய்வர வேண்டும். பிறகு பிளாட்ஃபார்ம் திரைக்கதவு ஒவ்வொன்றும், கேட், அலாரம் பேனல், எஸ்கலேட்டர் சோதனை. எல்லா வாசலையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். வெளியே ஒரு மணி நேரமாகக் காத்திருந்த கூட்டம் மொத்தமும் அப்போது ஒன்றாக உள்ளே வரும்.